பூச்சிக்குள்ளும் ஒரு சுவிட்ச்!

"டிப்ளமோ படிக்கிறவனுக்குப் பூச்சி ஆராய்ச்சி எதுக்குடா?" என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா நெல் வயலுக்கு மருந்தடிப்பவர். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போனால் நெல் வயல். அந்த நெல்லுக்கு எதிரி குருத்துப்பூச்சி. புழு தண்டைத் துளைத்து உள்ளே புகுந்தால் நடுக்குருத்து காயும், கதிர் வெளுத்துப் பதராகும். உள்ளே இருக்கும் புழுமேல் வெளியே அடிக்கும் மருந்து லேசில் படுமா?

இந்தப் புழுவின் தாய் ஓர் அந்துப்பூச்சி. பல அந்துப்பூச்சி இனங்களில், இரவானதும் பெண்பூச்சியின் மூளைக்குக் கீழுள்ள நரம்பு முடிச்சிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, "வாசனை விடு" என்று சுரப்பிக்கு உத்தரவு போடுகிறது. வாசனை பிடித்து ஆண் வரும். இணை சேர்ந்ததும் சுவிட்ச் ஆஃப்! இப்படியொரு வாசனைப் பொருளை 1959-ல் முதன்முதலாகப் பட்டுப்பூச்சியில் கண்டு சொன்னவர் ஜெர்மானிய விஞ்ஞானி பூட்டெனாண்ட். அதற்குச் சுமார் 5 லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன!

இன்று அந்தந்தப் பூச்சியின் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து, புனல் பொறிக்குள் தொங்கவிடுகிறார்கள். விழும் ஆண்பூச்சிகளை எண்ணினால், மருந்து தேவையா, எப்போது தேவை என்று தெரிந்துவிடும். எண்ணாமல் அடிக்கிற மருந்து, பூச்சிக்கு முன்னால் அடிக்கிறவர் மூச்சுக்குள்தான் போகிறது!

ஒரு புனல், ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு கம்பு. தகரம் வெட்டி மடக்கப் படித்த நமக்கு இது பெரிய வேலையா? வாசனைக் குப்பியை மட்டும் விலைக்கு வாங்கினால் போதும். வரும் பருவத்தில் நம் சங்கம் ஒரு வயலிலாவது பொறி வைக்கட்டும். கம்பெனி வேலைக்கு மட்டுமா நம் படிப்பு? கழனிக்கும் கொஞ்சம் உதவட்டுமே!