கல்லாப் பணமும் கை டார்ச்சும்

இரவு கடை அடைத்துக் கல்லாப் பணத்துடன் வீடு திரும்பும் கடமலைக்குண்டு வணிகர் கையில் மூன்று கட்டை டார்ச் இருப்பது நல்லதே. வருசநாட்டு மலையடிவாரத்து இருட்டில் அது பாம்பையும் பள்ளத்தையும் காட்டும். வழிமறிப்பவன் கண்ணையும் கூசச் செய்யும்.

ஆனால் அதை ஆயுதமாக நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையான பிரிவுகளில் தற்காப்புரிமை தருகிறது. தேவைக்கு மேல் அடிக்க 37ஆம் பிரிவு இடம் தரவில்லை. கனத்த டார்ச்சால் தலையில் அடித்தால் உயிரே போகலாம். விழுந்தவனை மறுபடி அடித்தால் வழக்கு நம்மீதே திரும்பும்.

ஆகவே முதலில் வெளிச்சம், அடுத்துக் கூச்சல், வேறு வழியில்லாதபோதுதான் அடி. பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டுங்கள். இரவில் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்தே கிளம்புங்கள். போன பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம்.