கோடு போனால் ஆள் மாறும்

ஓட்டல் மேஜைக்கு பில் வந்துவிட்டது. ஸ்பானிய மொழியை மூன்று மாதமாகப் படித்துவரும் ஒருவர் 'பாகோ' என்கிறார். பர்ஸை எடுக்கப்போவது யார்? முதல் அசையை அழுத்தியிருந்தால் 'நான் கொடுக்கிறேன்.' கடைசி அசையை அழுத்தியிருந்தால் 'அவர் கொடுத்துவிட்டார்.' ஆளும் மாறிவிட்டார், காலமும் மாறிவிட்டது.

பில்லோடு போனால் பரவாயில்லை. 'மாத்தோ' என்ற சொல்லும் இதே ரகம்தான். ஒரு விதமாகச் சொன்னால் 'நான் கொல்கிறேன்', இன்னொரு விதமாகச் சொன்னால் 'அவன் கொன்றான்.' போலீஸ் வாக்குமூலத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டுவது கடைசி எழுத்தின் தலைமேல் உள்ள ஒரு சின்ன சாய்கோடு மட்டுமே. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கோடு வேண்டாம் என்று ஸ்பானியர்களிலேயே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. மாட்ரிடில் 1713-இல் தொடங்கிய ராயல் அகாதெமி, பெரிய எழுத்துக்கும் கோடு கட்டாயம் என்கிறது.

படம், பாடம் என்று குறில் நெடிலால் பொருளைப் பிரிக்கும் தமிழருக்கு இது கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும். ஸ்பானிய மொழியில் குறில் நெடில் பேதம் கிடையாது. அந்த வேலையை அழுத்தம் செய்கிறது. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. இரண்டு 'பாகோ'வும் ஒன்றுபோலவே நிற்கின்றன.

விதி எளிது. உயிரிலோ ன், ஸ் என்ற மெய்களிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசை அழுந்தும். மற்ற மெய்களில் முடிந்தால் கடைசி அசை. இதை மீறும் சொல்லுக்குத்தான் கோடு. அந்த இரண்டு மெய்களுக்கு மட்டும் ஏன் சலுகை? வினைகளைப் பார்த்தால் புரியும். ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லான் (பேசுகிறார்கள்). விகுதியாக ஸ் வந்தாலும் ன் வந்தாலும் அழுத்தம் இடம் பெயர்வதில்லை.

அழுத்தம் சில வினைகளின் பகுதியையே உடைத்துவிடும். 'என்னால் முடியும்' என்பது புவேதோ. 'எங்களால் முடியும்' என்பது போதேமோஸ். அழுத்தம் பகுதியில் விழுந்தால் 'ஓ' உடைந்து 'உவே' ஆகிறது. விகுதிக்கு நகர்ந்தால் பழைய 'ஓ' திரும்பிவிடுகிறது. பாடப் புத்தகங்கள் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மாணவர்கள் பாதி அட்டவணைகளைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

அசை பிரிப்பதிலும் வழக்கு உண்டு. 'வழிகாட்டினேன்' என்ற சொல்லை ஸ்பெயினில் பலர் 'கி-ஏ' என்று இரண்டு அசையாகச் சொல்கிறார்கள். மெக்ஸிகோவில் அது 'க்யே', ஒரே அசை. ஓரசைச் சொல்லுக்குப் பொதுவாகக் கோடு கிடையாது. இருபது நாடுகள் எழுதும் மொழியில் யார் காதை நம்புவது? இரண்டாகக் கேட்கிறவர்கள் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று 1999-இல் அகாதெமி விட்டுக்கொடுத்தது. 2010-இல் அந்தச் சலுகையும் போனது. வாய் எப்படிப் பிரித்தாலும் எழுத்தில் அது ஓரசைதான், கோடு கூடாது என்று தீர்ப்பானது. ஸ்பெயின்காரர் இன்றும் 'கி-ஏ' என்றே சொல்லலாம். எழுதும்போதுதான் மெக்ஸிகோக்காரர் ஆகவேண்டும்.