நுரையீரலில் நீரா? காற்றைக் குறை கூறாதீர்!



இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சிலர் மேலங்கியை முன்பின்னாக அணிவதை நம் மலேசியச் சாலைகளில் காணலாம். காரணம் கேட்டால், “நெஞ்சில் காற்றுப் பட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்” என்பர். மலாயில் ‘பாரு-பாரு பெராயிர்’ என வழங்குவதும் இதுவே.

மேலங்கி அணிவதில் தவறில்லை. காற்றின் மீது பழியைப் போட்டுவிட்டு, உண்மையான நோயைத் தேடாமல் விடுவதே தவறு என்பேன்.

முதலில், அப்பெயரே பிழை. நீர் தேங்குவது நுரையீரலுக்குள் அன்று, அதற்கு வெளியே. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. மூச்சு உராய்வின்றி இயங்க, அவற்றினிடையே சில மில்லிலிட்டர் நீர்மம் எப்போதும் உண்டு. அது சுரப்பதும் வடிவதும் சமமாக நிகழும். அச்சமநிலை குலைந்தால் நீர் பெருகி, நுரையீரலை விரியவிடாமல் அழுத்தும். மூச்சு வாங்குதல், ஆழ மூச்சிழுக்கையில் குத்தும் வலி, வறட்டு இருமல் ஆகியன தோன்றும்.

சமநிலையைக் குலைப்பவை எவை? இதயம் பலவீனமடைதல், நிமோனியா, காசநோய், புற்றுநோய், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு போன்றவை. அதனால்தான் மருத்துவர் ஊசியால் எடுத்த நீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகிறார்.

இவற்றுள் காசநோயை நம் நாட்டில் புறக்கணிக்க இயலாது. நீரை எடுத்ததும் மூச்சு சீராகும். “குணமாகிவிட்டது” என எண்ணிச் சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதங்கள். இடையில் நிறுத்தினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். நுரையீரலுக்குள்ளும் நோய் இருப்பின், அதே வீட்டில் உறங்கும் பிள்ளையும் அக்கிருமியைச் சுவாசிக்க நேரும்.

இன்னொரு தடை வெட்கம். “காற்றுப் பட்டது” என்றால் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. “காசநோய்” என்றால் உறவினரும் விலகுவர் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. ஆகவே காற்று நமக்கு வசதியான திரையாகிவிட்டது. அத்திரைக்குப் பின்னே நோய் வளர்கிறது.

ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் சுவாசம் கற்பிக்கும்போது இந்த மேலங்கி நம்பிக்கையை மாணவர்களிடம் விவாதியுங்கள். அவர்கள் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்வர். பெற்றோர்களே, “நீர் கோத்துள்ளது” என மருத்துவர் கூறினால், “ஏன் கோத்தது?” என்று கேளுங்கள். காரணம் தெரியும்வரை சிகிச்சை முடிந்ததாகக் கருதாதீர்கள்.