விடை தெரிந்த வானம்

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைக் கேட்டவுடன் அணு உலையையும் மின்சாரத்தையும் நினைப்பவர்களே நம்மில் அதிகம். அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், லடாக்கில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே என்னும் குளிர்ப் பாலைவனத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியை எழுப்பி, 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி அதன் திறப்பு விழாவை நடத்தினார்கள் என்பதும், மேஸ் என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்த யந்திரம் தன் வகைத் தொலைநோக்கிகளுள் உலகிலேயே மிக உயரமான இடத்தில் நிற்பது என்பதும், செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெருமையோடு பேசிக்கொள்ள வேண்டிய விஷயங்கள். ஆனால் நான் இங்கே எழுத நினைத்தது அந்தத் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பற்றி அன்று; எந்தத் தொலைநோக்கியும் எடுக்காத, கணினிக்குள்ளேயே பிறந்த, வானத்தில் ஒருபோதும் நிகழாத நிகழ்ச்சிகளின் படங்களைப் பற்றி. அத்தகைய பாவனைப் படங்கள் இல்லாமல் இன்றைய வான சாஸ்திரம் நம்பிக்கையோடு எதையும் சொல்ல இயலாது என்பதும், அவற்றை உண்டாக்கும் வித்தை நம் கல்லூரிகளில் பாடமாக வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

மேஸ் தேடுவது விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களை. ஆனால் காமாக் கதிர் தரையை வந்து எட்டுவதில்லை. வாயுமண்டலத்தின் மேற்பகுதியில் அது மோதிச் சிதறி, எலெக்ட்ரான் முதலிய துகள்களின் பொழிவாக மாறுகிறது; காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி ஓடும் அந்தத் துகள்கள், ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில கூறுகளே நீடிக்கும் ஒரு நீல மினுக்கை எழுப்புகின்றன. மேஸின் காமிராவில் உள்ள 1,088 ஒளிபெருக்கிக் குழாய்கள் அந்த மினுக்கைப் பிடித்து, முட்டை வடிவமான ஒரு சிறு கறையாகப் பதிவு செய்கின்றன. இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்த் துகள்களும் அதே மாதிரியான மினுக்கை உண்டாக்குகின்றன. ஒரு காமாக் கதிருக்கு எதிராக அவை ஆயிரம், அதற்கு மேலும் வருகின்றன. எந்தக் கறை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த மென்பொருள் சரியாகச் சொல்கிறதா என்று சொல்ல வேண்டியது யார்?

பரிசோதனைச் சாலையில் இருக்கும் கருவியானால், சக்தி இன்னதென்று தெரிந்த ஒரு கதிரை அதன்மேல் பாய்ச்சி அதன் பதிலைச் சரிபார்க்கலாம். வானத்தின் உச்சியிலிருந்து, நாம் விரும்பிய சக்தியோடு, விரும்பிய வேளையில் ஒரு காமாக் கதிரை அனுப்பும் சாமர்த்தியம் மனிதனுக்கு இல்லை. ஆகவே அந்தப் பொழிவையே கணினிக்குள் வரவழைக்கிறார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தில் உருவான கார்சிகா என்னும் மென்பொருள், ஒரு துகள் காற்றில் நுழைந்தது முதல் அதன் சந்ததிகள் ஒவ்வொன்றும் எங்கே மோதுகிறது, எப்படிப் பிரிகிறது, பூமியின் காந்தத்தால் எவ்வளவு வளைகிறது, எவ்வளவு ஒளியைக் கக்குகிறது என்பதையெல்லாம் கணக்கிட்டுக் கொண்டே வரும். அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறித்து, குழாய்களின் சொந்த இரைச்சலோடும் இரவு வானத்தின் மங்கலான வெளிச்சத்தோடும் கலந்து, கடைசியில் எப்படிப்பட்ட படமாக விழும் என்பதை வேறு நிரல்கள் சொல்லும். இவ்வாறு பிறந்த படத்தைப் பகுத்தறியும் மென்பொருளின் முன் வைத்து, விடையை மட்டும் மறைத்துக்கொண்டு, இது எது என்று கேட்கிறார்கள். எடையளவு இன்ஸ்பெக்டர் மாதுங்கா மார்க்கெட்டுக்கு வந்தால், கடைக்காரரின் தராசில் காய்கறியை வைத்துப் பார்ப்பதில்லை, தம் பையில் கொண்டுவந்த முத்திரைக் கல்லைத்தான் வைக்கிறார், இதுவும் அவ்வளவே.

இந்த முறையின் பயன் வெறும் ஊகமன்று, சரித்திரத்தில் நிரூபணமானது. காமாக் கதிர்களைத் தரையிலிருந்து கண்டுவிட்டோம் என்று பல குழுவினர் அறிவித்து, பிறரால் உறுதிப்படுத்த முடியாமல் அவை சந்தேகத்திலேயே கிடந்த ஒரு காலம் இருந்தது. 1985-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹில்லாஸ், கணினியில் பாவனைப் பொழிவுகளை உண்டாக்கி, காமாக் கதிரின் கறை ஒடுங்கி நீண்டு தன் மூலஸ்தானத்தைச் சுட்டி நிற்கும் என்றும், காஸ்மிக் கதிரின் கறை பருத்துக் கலைந்து கிடக்கும் என்றும், இன்னின்ன அளவுகளைக் கொண்டு இரண்டையும் பிரிக்கலாம் என்றும் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த விப்பிள் தொலைநோக்கியில் அந்த அளவுகோலைப் பிரயோகித்து, 1989-இல் ட்ரெவர் வீக்ஸும் அவருடைய கூட்டாளிகளும், மறுப்புக்கு இடமில்லாதபடி நண்டு நெபுலாவிலிருந்து வரும் காமாக் கதிர்களைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவர்களுடைய காமிராவில் இருந்த குழாய்கள் வெறும் 37. அதிகமான கண்களால் அன்று, எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததனால் வந்த வெற்றி அது.

ஒளியைப் படமெடுக்கும் தொலைநோக்கிகளின் உலகத்திலும் இதே கதைதான், அளவுதான் பிரம்மாண்டம். சிலி நாட்டு மலை ஒன்றில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு நிற்கும் வேரா ரூபின் ஆய்வுக்கூடம், 320 கோடி பிக்சல்கள் கொண்ட காமிராவால் தென் வானம் முழுவதையும் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுக்க ஏற்பட்டது; அதன் முதல் படங்கள் 2025 ஜூன் மாதத்தில் வெளிவந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2021-இல், அதன் படங்களைப் போன்ற படங்கள் விஞ்ஞானிகளின் கைக்குப் பயிற்சிக்காக வந்துவிட்டன. ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட துகள்களைக் கொண்டு கணினியில் பிரபஞ்சத்தை வளர்த்து, அதில் அண்டங்களைக் குடியேற்றி, முந்நூறு சதுர டிகிரி பரப்புள்ள, அதாவது சுமார் ஆயிரத்தைந்நூறு பூரண சந்திரர்களைப் பரப்பி வைத்தால் மூடக்கூடிய, ஒரு வானத்தை ஐந்து ஆண்டுகள் படமெடுத்தது போலவே படைத்திருந்தார்கள். அந்தப் படங்களில் என்னை வியக்க வைப்பது அவற்றின் அழகு அன்று, அவற்றில் சிரத்தையோடு சேர்க்கப்பட்டிருக்கும் குறைகள். காற்றின் அலைச்சலால் நட்சத்திரம் கலங்குவதும், நிலவொளியால் பின்புலம் வெளுப்பதும், காஸ்மிக் கதிர் கீறிச் செல்வதும், ஒரு பிக்சலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட எலெக்ட்ரான்கள் புதிதாக வருபவற்றைப் பக்கத்துக்குத் தள்ளுவதால் பிரகாசமான நட்சத்திரம் தன் உண்மையான அளவைவிடச் சற்றே பருத்துத் தெரிவதும் அவற்றில் உண்டு. தூரத்து அண்டங்களின் வடிவத்தில், இடையில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பொருளின் ஈர்ப்பு உண்டாக்கும் நெளிவு நூற்றில் ஒரு பங்கு அளவே. அதை அளக்கப் புறப்பட்டவன் மேற்சொன்ன குறைகளில் ஒன்றை மறந்தாலும், காமிராவின் கோணலைப் பிரபஞ்சத்தின் ரகசியம் என்று உலகத்துக்கு அறிவித்துவிடுவான்.

பொய்ப் படத்தைக் கண்டு மெய்யைக் கற்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யார் முகத்தையும் யார் உடலிலும் ஒட்டிச் செய்தி என்று பரப்பும் இந்தக் காலத்தில் அந்த ஆட்சேபணையை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் மோசடிக்காரன் தன் படத்தை மெய் என்கிறான், விடையை ஒளிக்கிறான். விஞ்ஞானியோ பொய் என்று பறையறைந்து, விடையையும் கூடவே தருகிறான். ஈர்ப்பலைகளை ஆராயும் லைகோ குழுவில் ஒருமுறை விடையைச் சில காலம் மறைத்துவைத்தும் இதைச் செய்தார்கள்: 2010 செப்டம்பரில் ஒரு சிலர் மட்டும் அறியக் கருவியில் செலுத்தப்பட்ட பொய்ச் சமிக்ஞையை மற்றவர்கள் கண்டுபிடித்து, மாதக் கணக்கில் ஆராய்ந்து, ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதி முடித்த பிறகு, 2011 மார்ச்சில் உறையைப் பிரித்து உண்மையைச் சொன்னார்கள். மனவருத்தம் சிலருக்கு இருந்திருக்கும். ஆயினும் 2015-இல் மெய்யான அலை வந்தபோது அதை நம்பும் தைரியத்தை அந்த ஒத்திகையும் தந்தது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. பாவனை வானத்தைச் செய்தவன் அறியாத எதையும் அந்த வானம் கற்பிக்காது. அவன் கொண்ட தப்பெண்ணத்தையே மென்பொருளும் மனப்பாடம் செய்துவிடும். பாவனைப் படங்களைக் கொண்டே கணினிக்குப் பகுத்தறியும் பயிற்சி கொடுக்கும் இந்நாளில் இது கற்பனைப் பயம் அன்று. ஆகவேதான் அனுபவசாலிகள் இயற்கையையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மேஸ் போன்ற தொலைநோக்கியின் அருகில் விழும் மியூவான் என்னும் துகள் காமிராவில் ஒரு வட்டமாகப் பதிகிறது. அந்த வட்டத்தின் ஒளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கணக்கினாலேயே தெரிவதால், மெய் வட்டத்தோடு பாவனை வட்டத்தை ஒப்பிட்டு, கண்ணாடியில் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்பது வரை திருத்திக்கொள்ளலாம். அந்தச் சரிபார்ப்பு இல்லாத பாவனையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். மும்பையின் வானத்தில் ஆகாச கங்கையைக் கண்டவர் எவரும் இப்போது இல்லை என்றே சொல்லலாம். தாராவியின் சந்துகளில் வளரும் பிள்ளைக்கு, தெருவிளக்கும் புழுதியும் நான்கு மாத மழை மேகமும் போக மிஞ்சுவது சில நட்சத்திரங்கள்தாம். 2025 ஆகஸ்டில், மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில், சர்வதேச வானியல், வான்பௌதிக ஒலிம்பியாட் இதே நகரத்தில்தான் நடந்தது. அதன் பரீட்சைகளில் ஒன்று, வானத்தைப் பாராமல், கொடுத்த தரவைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்வது. இருளைத் தேடிப் பயணம் போக வசதியில்லாத மாணவனுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. பாவனை அண்டங்களைச் செய்யும் கால்சிம் என்னும் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, சாதாரணக் கணினியிலும் ஓடுகிறது.

பௌதிக ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்று. 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர்களின் காலம் முதல், இந்நகரத் தமிழர் தம் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடத் தயங்கியதில்லை. நான் சொல்லப்போகும் பயிற்சிக்குச் செலவும் இல்லை. சயானிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கல்லூரிகளில், பௌதிகப் பட்ட வகுப்பின் செய்முறைப் பட்டியலில் அடுத்த ஆண்டே அதைச் சேர்த்துவிடுங்கள்: ஒரு மாணவன் தெரிந்த நெளிவோடு ஒரு வானப்படத்தைச் செய்யட்டும், மற்றொருவன் விடை அறியாமல் அதை அளக்கட்டும், பிறகு இருவரும் உட்கார்ந்து ஒப்பிடட்டும். அவர்களுள் சிலராவது டிராம்பேக்கும் கொலாபாவில் உள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கும் வேலைக்குச் செல்வார்கள்.