மேகத்துக்கும் தண்ணீர் வேண்டும்

மின்கட்டண ரசீது இப்போது பல வீடுகளுக்குத் தாளில் வருவதில்லை. அடுத்த பேருந்து எப்போது வரும் என்பதைத் திறன்பேசியே சொல்லிவிடுகிறது. தாளும் நேரமும் மிச்சமாவதால், மின்னிலக்கப் பொருளியல் சுற்றுச்சூழலுக்கு உற்ற நண்பன் என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

நம் படங்களையும் காணொளிகளையும் 'மேகத்தில்' சேமிப்பதாகச் சொல்கிறோம். அந்த மேகம் வானத்தில் இல்லை. தரவு நிலையங்கள் எனப்படும் பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. இயங்கும் கணினி சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்க மின்சாரம் தேவை. பல நிலையங்களில் தண்ணீரும் தேவை. ஆண்டு முழுவதும் புழுக்கம் நிறைந்த நம் நாட்டில் இந்தச் செலவு இன்னும் கூடுதல். 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பயன்படுத்திய மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே சென்றது. 2019இல் புதிய நிலையங்களுக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் கடுமையான நிபந்தனைகளுடன் அந்தத் தடை நீக்கப்பட்டது.

இதற்கிடையே பல நிறுவனங்களின் பார்வை ஜொகூர் பக்கம் திரும்பியது. கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு நிலையங்கள் எழுந்துள்ளன. 1962ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி நாம் தண்ணீர் பெறுவதும் ஜொகூர் ஆற்றிலிருந்துதான். சுமை அக்கரைக்குப் போனதால் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

தீர்வே இல்லை என்று நான் கூறவில்லை. வெப்பமண்டலத் தரவு நிலையங்களை 26 டிகிரி செல்சியஸிலோ அதற்கு மேலோ இயக்குவதற்கான வழிகாட்டி 2023இல் இங்கு வெளியிடப்பட்டது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால், குளிரூட்டத் தேவைப்படும் மின்சக்தியில் 2 முதல் 5 விழுக்காடு வரை மிச்சமாகும். நல்ல முயற்சிதான். ஆனால், மிச்சப்படுத்தியதைவிட அதிகமாகக் காணொளிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் விழுங்கினால் என்ன பயன்?

ஒவ்வொரு நிலையமும் தான் பயன்படுத்தும் மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் அளவை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே என் கருத்து. குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது, அதில் ஒட்டியுள்ள மின்சக்தி வில்லையில் எத்தனை குறிகள் உள்ளன என்று அம்மா எண்ணிப் பார்ப்பார். அதே அம்மா தம் திறன்பேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்யும்போது, எண்ணிப் பார்க்க அங்கே ஒரு வில்லையும் இல்லை.