பல படங்கள், ஒரு மலர்

தில்லியில் குட்ஹல் என்றும், கொல்கத்தாவில் ஜபா என்றும், நம் வீடுகளில் செம்பருத்தி என்றும் அழைக்கப்படும் மலரை நீங்கள் அறிவீர்கள். அதன் ஐந்து இதழ்களின் நடுவிலிருந்து நீண்ட தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்டைச் சுற்றி மகரந்தப் பைகளும், நுனியில் ஐந்து சூலகமுடிகளும் அமைந்திருக்கும். அம்மலரை நேர் எதிரே வைத்து, மிக அருகிலிருந்து ஒளிப்படம் எடுத்துப் பாருங்கள். நுனி தெளிந்தால் இதழ்கள் மங்கும். இதழ்கள் தெளிந்தால் நுனி மங்கும்.

இது படமெடுப்பவரின் பிழையன்று, வில்லையின் இயல்பு. வில்லை ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ளதையே முழுக் கூர்மையுடன் காட்டும். அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவையும் தெளிவாகவே தோன்றும். இத்தெளிவின் எல்லையைப் புல ஆழம் என்பர். பொருளை நெருங்க நெருங்கப் புல ஆழம் குறையும். முழுச்சட்ட உணரி கொண்ட கருவியில், மலரின் பிம்பம் அதன் உண்மை அளவிலேயே விழுமாறு நெருங்கி எடுத்தால், எஃப் 8 என்னும் துளையளவில் புல ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆயினும் அளவுக்கு மீறிச் சுருக்கினால், ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் கூர்மை இழந்துவிடும்.

இத்தடையைக் கடக்க உதவுவதே குவிய அடுக்கு முறை. கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, மலரின் முன்நுனியில் தொடங்கி, குவியத்தைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி நகர்த்திப் பல படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் தெளிந்த பகுதியும் அடுத்ததன் தெளிந்த பகுதியைச் சிறிது தழுவி நிற்க வேண்டும். மேற்சொன்ன அளவில் 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள மலர்ப் பகுதிக்கு 25 படங்களுக்கு மேல் தேவைப்படும். பின்னர் ஹெலிகான் ஃபோகஸ் போன்ற கணினி மென்பொருள், ஒவ்வொரு படத்திலும் தெளிந்த பகுதியை மட்டும் தேர்ந்து ஒன்றாக இணைக்கும்.

இவ்வாறு உருவான படம் உண்மையானதா என்று சிலர் ஐயுறுவர். ஒரு நொடியில் ஒரு கருவி கண்டதே ஒளிப்படம். பலவற்றை ஒட்டியது பொய்யே என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் விரலை முகத்துக்கு அருகே நிறுத்துங்கள். விரலை நோக்கினால் சன்னல் மங்கும். சன்னலை நோக்கினால் விரல் மங்கும். கண்ணும் ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காண்கிறது. பல பார்வைகளை இணைத்து முழுமை காண்பது மனமே. அடுக்குப் படமும் அச்செயலையே செய்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு மகரந்தத் துகளும் மலரில் இருந்ததுதான். மாறாக, திறன்பேசியின் போர்ட்ரெய்ட் முறை, தெளிவாக இருந்த பின்னணியைக் கணக்கீட்டினால் மங்கச் செய்கிறது. அதனை யாரும் பொய் என்பதில்லையே!

எனினும் அவர்களுடைய ஐயத்தில் ஒரு நியாயமும் உண்டு. படங்களை எடுத்து முடிப்பதற்குள் எறும்பு ஒன்று இதழின் மேல் ஊர்ந்து சென்றால், இணைத்த படத்தில் அந்த ஒரே எறும்பு பல இடங்களில் தோன்றக்கூடும். காற்றில் இதழ் அசைந்தால் அதன் விளிம்பு இரட்டையாகும். அப்போது படம், நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கூறுகிறது. அதைப் பார்த்து ஒருவர், அம்மலரை நாடி எறும்புக் கூட்டமே வந்தது என எண்ணினால், பிழை படமெடுத்தவருடையதே. அத்தகைய படத்தைக் களைந்துவிட்டு, காற்றடங்கிய காலையில் மீண்டும் எடுப்பதே முறை. அசையாதிருக்கட்டும் என்று மலரைப் பறிப்பதும் எனக்கு உடன்பாடன்று.

எல்லா மலர்ப் படங்களுக்கும் இம்முறை வேண்டும் என்பதும் இல்லை. மங்கிய பின்னணி நம் பார்வையை ஓர் இதழின் மேல் நிறுத்தும், அதுவும் அழகே. மலரின் உறுப்புகளைக் கற்பதற்கான படத்திலோ முழுத் தெளிவு வேண்டும்.

ஆகவே பள்ளிக் கண்காட்சிகளில் அடுக்குப் படங்களை விலக்க வேண்டா. அவற்றின் கீழ், “27 படங்களின் இணைப்பு” என்பது போல ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். எப்படி எடுத்தோம் என்பதை மறைக்கும்போதுதான் படம் பொய்யாகிறது. சொல்லிவிட்டால் அது உழைப்பின் சான்றாகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. மலரை நெருங்கிப் படமெடுக்கும்போது அதன் ஒரு பகுதி மங்குவது ஏன்?
2. அடுக்குப் படம் பொய்யன்று என்பதற்கு ஆசிரியர் காட்டும் சான்றுகள் யாவை?
3. ஆசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறி ஒரு பத்தி எழுதுக.