திறப்பு விழா ஓர் இலக்காகுமா?

கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கர் பரப்பு. ஏறத்தாழ 394 கோடி ரூபாய் செலவு. கட்டடத்தைக் குறைசொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், திறப்பு நாளில் அதன் அருகே ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ரயில் பாதையை அடைய நடைமேம்பாலமும் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் மாநகரப் பேருந்தையும் ஆட்டோவையும் நம்பி நின்றார்கள். 2024 பிப்ரவரியில் ஓர் இரவு, ஊருக்குச் செல்லப் பேருந்து கிடைக்காத பயணிகள் மறியலில் இறங்கினர்.

பண்டிகைக் கால இரவுகளில் பெருங்களத்தூர் எப்படித் திணறும் என்பதை இப்பகுதியில் வசிப்பவன் என்ற முறையில் நன்கறிவேன். கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட பேருந்துகளுக்காகத் தென்சென்னையே இங்கு வந்து சாலையோரத்தில் காத்திருந்தது. அந்த நெரிசலுக்கு மாற்று வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. கட்டுவது ஓர் அமைப்பின் பொறுப்பு, பேருந்துகளை இடம் மாற்றுவது இன்னொன்றின் பொறுப்பு, நிலையம் அமைப்பது ரயில்வேயின் பொறுப்பு எனப் பணி பிரிக்கப்பட்டது. இறங்கிய பயணி எத்தனை நிமிடத்தில் தாம்பரம் நடைமேடையை எட்டுவார் என்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போனது என்பதே என் கணிப்பு.

இதை அரசுத் துறைகளுக்கே உரிய அலட்சியம் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால், பெருங்களத்தூரில் அதே ஜி.எஸ்.டி. சாலையோரம் ஐ.டி. வளாகம் நிற்கிறது, சற்றுத் தள்ளித் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. நிர்வாகவியல் படித்தவர்கள் நடத்தும் நிறுவனங்களையும் இதே நோய் விட்டுவைப்பதில்லை.

இலக்கு வகுத்து நிர்வகிக்கும் முறையைப் பீட்டர் டிரக்கர் 1954-இல் நூலாக எழுதினார். இன்டெல் நிறுவனத்தின் ஆண்டி குரோவ் அதைச் செதுக்கினார். அவரிடம் கற்ற ஜான் டோயர் 1999-இல் கூகுளுக்குக் கொண்டுசென்றார். இன்று ‘ஓ.கே.ஆர்.’ என்ற பெயரில் காலாண்டுதோறும் நம் அலுவலகங்களில் நிரப்பப்படும் படிவம் அதன் வழிவந்ததுதான். எதை அடைய விரும்புகிறோம் என்பது ஒரு வரி. அடைந்துவிட்டோம் என்பதை எந்த எண்களால் அறிவோம் என்பது மூன்று, நான்கு வரிகள். அவ்வளவே. பிழை நேர்வது அந்த மூன்று, நான்கு வரிகளில்தான். ‘புதிய மென்பொருளை ஜூன் மாதத்துக்குள் வெளியிடுதல்’ என்று எழுதுகிறார்கள். அது வேலை, விளைவு அல்ல. ‘கடைக்காரர் ஒரு பில் போட ஆகும் நேரம் பாதியாகக் குறைதல்’ என்பதே விளைவு. முன்னது திறப்பு விழா. பின்னது பயணி வீடு சேர்வது.

சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசனை கூறச் சென்றிருந்தேன். ஏழு துறைகள், நாற்பதுக்கும் மேற்பட்ட இலக்குகள். பெரும்பாலானவை எட்டப்பட்டிருந்தன. ஆனாலும் முக்கிய வாடிக்கையாளர் விலகும் மனநிலையில் இருந்தார். காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. உற்பத்திப் பிரிவுக்கு, ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்பது இலக்கு. அச்சு மாற்றினால் இரண்டு மணி நேரம் வீணாகும் என்பதால் ஓடுகிற உருப்படியையே ஓட்டினார்கள். அனுப்புகைப் பிரிவுக்கு மாத இறுதிக்குள் இத்தனை லட்சம் ரூபாய்ச் சரக்கு என்பது இலக்கு. ஆகவே விலை கூடிய பெட்டிகள் முதலில் லாரி ஏறின. வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்ட மலிவான சிறு பாகம் மட்டும் கிடங்கிலும் இல்லை, லாரியிலும் இல்லை. எல்லாரும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள், நிறுவனம்தான் தோற்றுக்கொண்டிருந்தது.

‘நம்மால் வாடிக்கையாளரின் உற்பத்தி ஒரு மணி நேரமும் நிற்கக் கூடாது’ என்று அவர்கள் ஒற்றை இலக்காக மாற்றியபோது, அச்சு மாற்றும் நேரத்தைக் குறைப்பது முதன்முறையாக அனைவரின் கவலையுமாயிற்று. அதற்கான யோசனையைச் சொன்னவர் மேலாளர் அல்லர். இரவுப் பணி ஃபிட்டர்.

இதற்கெல்லாம் அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. இந்தியாவுக்கு அது முதல் டெமிங் பரிசு. பின்னர் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டி.வி.எஸ். மோட்டார், ரானே பிரேக் லைனிங்ஸ் எனத் தமிழக ஆலைகள் தொடர்ந்தன. அப்பரிசுக்கான மதிப்பீட்டில் ‘ஹோஷின் கன்ரி’ எனப்படும் இலக்குப் பரவலாக்கத்துக்கு முக்கிய இடம் உண்டு. மேலிருந்து வரும் இலக்கைக் கீழே உள்ளவர்கள் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. ‘இவ்வளவு இயலும், அதற்கு இன்னின்ன வேண்டும்’ என்று திருப்பி எறிகிறார்கள்; பந்து சில முறை மேலும் கீழும் போய்வந்த பிறகே இலக்கு முடிவாகிறது. நம்மவர்கள் ஜப்பானியப் படிவங்களை விரும்பி வாங்குகிறார்கள். இந்தப் பந்து வீச்சை மட்டும் நேர விரயம் என்று தவிர்த்துவிடுகிறார்கள். பாடி ஆலைகளில் அது பல ஆண்டுப் பயிற்சி.

எறிய வழியில்லாத இலக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்கள் நெருக்கப்பட்டனர். அவர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். சுமார் 5,300 பேர் வேலை இழந்தனர். 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

ஊதிய உயர்வோடு இலக்கை முடிச்சுப் போடும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். இலக்குத் தாளைச் சட்ட ஆவணம் போலக் கருதி ஊழியரை மதிப்பிடக் கூடாது, அது மதிப்பீட்டுக்கான பல தகவல்களில் ஒன்றே என்று குரோவே எழுதியிருக்கிறார். நம் அலுவலகங்களிலோ, ஏப்ரலில் எழுதுவது அடுத்த மார்ச்சில் சம்பளமாகிறது. பிறகு எந்த ஊழியர் தன்னால் முடியுமா என்று ஐயம் உள்ள இலக்கை எழுதுவார்? பாதி முடிந்த வேலையையே புது இலக்காக எழுதிக் கொடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த உதிரிபாக நிறுவன உரிமையாளரும் இதில் தயங்கினார். ஊக்கத்தொகையை நிறுத்தினால் ஆட்கள் போய்விடுவார்கள் என்றார். நிறுத்த வேண்டாம், துறைவாரியாகப் பிரிக்காமல், வாடிக்கையாளரின் உற்பத்தி நிற்காத மாதங்களில் ஃபிட்டர் உட்பட அனைவருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்துப் பாருங்கள் என்றேன். ஒரு காலாண்டு பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். விற்பனை மேலாளர் மட்டும் கடைசி வரை உடன்படவில்லை.